டோனி விருதைப் பற்றி எங்கள் ஊரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேராக் மாநிலத்தில், பால்மரத் தோட்டங்களும் செம்பனைத் தோட்டங்களும் சூழ்ந்த சுங்கை சிப்புட்டில் மாலை நேர நாடகப் பயிற்சிக்கு வரும் இளைஞர்களும், அவர்களை அழைத்து வந்து மண்டப வாசலில் காத்திருக்கும் பெற்றோர்களும், ஜூன் மாதம் நெருங்கினால் டோனி விருதைப் பற்றி என்னிடம் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். கைப்பேசியில் யாரோ அனுப்பிய காணொளித் துண்டு ஒன்றிலிருந்துதான் பெரும்பாலும் பேச்சு தொடங்கும். கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றே என்பதால், கேட்டவர்களின் சொற்களை இயன்றவரை மாற்றாமல் அவற்றையும் விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

டோனி என்று ஒருவர் உண்மையாகவே இருந்தாரா, ஐயா?

இருந்தார், ஆனால் அவர் ஆண் அல்லர். அன்டோய்னெட் பெர்ரி என்ற அமெரிக்கப் பெண்மணியின் செல்லப் பெயர்தான் டோனி. நடிகையாகத் தொடங்கி, பிறகு நாடகங்களைத் தயாரித்தும் இயக்கியும் வந்த அவர், இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கன் தியேட்டர் விங் என்ற நாடகக் கலைஞர் அமைப்பை முன்னின்று நடத்தினார். 1946-இல் அவர் மறைந்ததும், அவருடன் நெடுங்காலம் இணைந்து பணியாற்றிய தயாரிப்பாளர் பிராக் பெம்பர்டன் முதலானோர் அவர் நினைவாக இவ்விருதை ஏற்படுத்தினார்கள்.

முதல் விழா 1947 ஏப்ரல் 6-ஆம் நாள் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் நடந்தது. விருதின் முழுப் பெயரில் இன்றும் அன்டோய்னெட் பெர்ரியின் பெயரே இருக்கிறது. இப்போது அமெரிக்கன் தியேட்டர் விங்கும், அரங்க உரிமையாளர்கள், தயாரிப்பாளர்களின் சங்கமான பிராட்வே லீக்கும் சேர்ந்து விருதை வழங்குகின்றன.

இது ஆஸ்கார் மாதிரிதானே? சினிமா நடிகர்கள் எல்லாம் வருகிறார்களே!

சினிமா நடிகர்கள் வருகிறார்கள் என்பது உண்மைதான், ஆனால் அவர்கள் அந்த ஆண்டில் மேடையில் நடித்ததற்காகவே போட்டியில் இருப்பார்கள். திரைப்படத்துக்கு ஆஸ்கார், தொலைக்காட்சிக்கு எம்மி, இசைப்பதிவுக்கு கிராமி, மேடைக்கு டோனி என்று அமெரிக்காவில் துறைக்கு ஒரு விருதாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நான்கையும் வாங்கியவர்கள் மிகச் சிலரே.

ஆஸ்காருக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு ஒன்றைச் சொல்ல வேண்டும். படத்தைப் பிரதி எடுத்து எந்த நாட்டுக்கும் அனுப்பிக் காட்டலாம்; நாடகத்தை அந்த அரங்கில், அந்த நாளில் போய்த்தான் பார்க்க முடியும். டோனியின் விதிகளில் பாதி இந்த ஒரு காரணத்தால் வந்தவை என்பது பின்வரும் விடைகளில் தெரியவரும்.

பிராட்வே என்பது தெருவா, கொட்டகையா, ஊரா?

நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில் செல்லும் நீண்ட தெருவின் பெயர் பிராட்வே. நாடக உலகில் அச்சொல் குறிப்பது மன்ஹாட்டனில் உள்ள 41 தொழில்முறை அரங்குகளை. அவற்றில் பெரும்பாலானவை அந்தத் தெருவில்கூட இல்லை. டைம்ஸ் சதுக்கத்தை ஒட்டிய குறுக்குத் தெருக்களில் இருக்கின்றன. ஏறத்தாழ 500 இருக்கைகளுக்கு மேல் இருந்தால்தான் பிராட்வே அரங்கு. அதற்குக் குறைவானவை ஆஃப்-பிராட்வே என்ற வேறு கணக்கில் வரும். இந்த 41-இல் சிறியதான ஹேய்ஸ் அரங்கில் சுமார் 600 பேரும், பெரியதான கெர்ஷ்வின் அரங்கில் 1,900-க்கும் மேற்பட்டோரும் அமரலாம்.

டோனி இந்த 41 அரங்குகளில் அரங்கேறும் நாடகங்களுக்கு மட்டுமே உரியது. தோட்ட விளையாட்டுப் போட்டியில் அந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் மட்டுமே ஓட முடியும் என்பது போன்ற விதி இது. அடுத்த தோட்டத்தில் அதைவிட வேகமாக ஓடும் பிள்ளை இருக்கலாம், ஆனால் அந்தக் கோப்பை அவனுக்கானது அன்று. உலகின் சிறந்த நாடகத்துக்கான விருது என்று நம் செய்திகளில் எழுதுவது அதனால் சரியில்லை. அது ஒரு நகரத்தின், அதிலும் ஒரு வட்டாரத்தின் விருது. அந்த வட்டாரத்தில் பணமும் திறமையும் பெரிய அளவில் குவிந்திருப்பதால்தான் உலகம் திரும்பிப் பார்க்கிறது.

எப்போது நடக்கும்? நம் நேரத்துக்கு எத்தனை மணி?

பொதுவாக ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கில் இரவு எட்டு மணி என்றால் அந்தப் பருவத்தில் நமக்குச் சரியாகப் பன்னிரண்டு மணி நேர வேறுபாடு. ஆகவே இங்கே திங்கட்கிழமை காலை எட்டு மணி, பள்ளியில் சபைகூடல் முடிகிற நேரம். 2024-ஆம் ஆண்டு விழா ஜூன் 16-இல் நடந்தபோது, மறுநாள் இங்கே ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறையாக அமைந்தது. அப்படி வாய்ப்பது அரிது. மற்ற ஆண்டுகளில் பாடல் காட்சிகளை மாலையில் யூடியூபில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

1967 முதல் அமெரிக்கா முழுவதும் இவ்விழா தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகிறது. 1997 முதல் பல ஆண்டுகள் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் நடந்தது. இடையில் வேறு அரங்குகளுக்கும் போயிருக்கிறது. 2023-இல் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததால், எழுதிவைத்த தொகுப்புரை எதுவும் இல்லாமலேயே விழாவை நடத்தினார்கள். எனக்கு அந்த ஆண்டு விழா மற்றவற்றைவிடப் பிடித்திருந்தது.

பரிசு என்ன? பணமுடிப்பு உண்டா?

பணம் கிடையாது, பதக்கம் மட்டுமே. முதலிரண்டு ஆண்டுகளில் பதக்கமும் இல்லை. பாராட்டுப் பத்திரச் சுருளுடன், ஆண்களுக்கு நோட்டுகளைச் செருகிவைக்கும் பணக்கவ்வி, பெண்களுக்கு முகப்பூச்சுச் சிமிழ் போன்ற அன்பளிப்புகளைக் கொடுத்தார்கள். மேடை அமைப்பாளர்கள் சங்கம் நடத்திய போட்டியில் ஹெர்மன் ராஸ் என்பவர் வரைந்த வடிவம் தேர்வாகி, 1949 முதல் பதக்கமாக வழங்கப்படுகிறது.

வட்டமான அந்தப் பதக்கத்தின் முகப்பில் சிரிக்கும் முகமூடியும் அழும் முகமூடியும் இருக்கும். மறுபக்கத்தில் முன்பு அன்டோய்னெட் பெர்ரியின் பக்கவாட்டு முகம் இருந்தது; இப்போது அங்கே விருதாளரின் பெயரையும் நாடகத்தின் பெயரையும் பொறிக்கிறார்கள். 1967 முதல் அது கறுப்புப் பீடத்தின்மேல் ஒரு வளைவில் பொருத்தப்பட்டு, விரலால் தள்ளினால் சுழலும்படி இருக்கிறது. பரிசு வாங்கியவர் நன்றி சொல்லிக்கொண்டே அதைச் சுழற்றிப் பார்ப்பதைக் காணொளிகளில் கவனியுங்கள்.

யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? அங்கே மட்டும் சிபாரிசு இருக்காதா?

இரண்டு படிகள் உண்டு. முதலில், நாடகத் தொழிலை அறிந்த சிலர் அடங்கிய பரிந்துரைக் குழு, அந்தப் பருவத்தில் அரங்கேறிய தகுதியுள்ள எல்லா நாடகங்களையும் பார்த்துவிட்டு, பிரிவுக்கு இத்தனை பேர் என்று பட்டியல் தயாரிக்கும். போட்டியில் இடம்பெற வேண்டுமானால் நாடகம் ஏப்ரல் இறுதியை ஒட்டி அறிவிக்கப்படும் கடைசி நாளுக்குள் அரங்கேறியிருக்க வேண்டும். பட்டியல் வெளியானபின், தயாரிப்பாளர்கள், நடிகர்கள், இயக்குநர்கள் எனத் தொழிலைச் சேர்ந்த 800-க்கும் மேற்பட்டோர் வாக்களிக்கிறார்கள்.

ஒரு பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட அனைத்தையும் நேரில் பார்த்திருந்தால்தான் அந்தப் பிரிவில் வாக்களிக்கலாம் என்பது விதி. ஐந்தில் நான்கைப் பார்த்தவர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். பார்க்காமலே கைதூக்குகிற வழக்கத்தை நம் ஊர்ப் போட்டிகளில் எவ்வளவோ பார்த்திருப்பதால், இந்த விதிகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

சிபாரிசைப் பற்றி: வாக்காளர்களில் பலர் அதே தொழிலில் பணம் போட்டவர்கள். வெளியூர்களுக்குச் சுற்றுப்பயணம் போகக்கூடிய நாடகத்துக்குச் சாய்வு இருக்கும் என்ற குற்றச்சாட்டு நியூயார்க்கிலேயே நெடுநாளாக இருக்கிறது. அதில் ஓரளவு உண்மை இருக்கும் என்றே நினைக்கிறேன். முழுக்க அப்படித்தான் என்றால், நரமாமிசம், தூக்குமேடை, பசி என்று எழுதப்பட்ட இருண்ட நாடகங்கள் எவையும் வென்றிருக்க முடியாது.

நம் நாடகத்தில் பாட்டும் வசனமும் கலந்துதான் வரும். அதை எதில் சேர்ப்பார்கள்?

டோனியில் வசன நாடகம் வேறு, இசை நாடகம் வேறு. சிறந்த நாடகம், இயக்கம், நடிப்பு, மேடை அமைப்பு, உடை, விளக்கு, ஒலி என்று பெரும்பாலான பரிசுகள் இரண்டுக்கும் தனித்தனியாக உண்டு. கதைவசனம், நடன அமைப்பு, வாத்திய இசைக்கோவை ஆகியவற்றுக்குப் பொதுவாக இசை நாடகங்களே போட்டியிடும். 2025-இல் போட்டிப் பிரிவுகள் மொத்தம் 26.

பாட்டு இருப்பதனாலேயே ஒரு படைப்பு இசை நாடகம் ஆகிவிடாது. கதையை நகர்த்துவது பாட்டா, பேச்சா என்று பார்த்து டோனியின் நிர்வாகக் குழு முடிவு செய்யும். 2024-இல் சிறந்த வசன நாடகமாக வென்ற ‘ஸ்டீரியோஃபோனிக்’ ஓர் இசைக்குழு பாட்டுப்பதிவு செய்வதைப் பற்றியது. மேடையிலேயே பாடி வாசிக்கிறார்கள். ஆனாலும் அது வசன நாடகமாகவே போட்டியிட்டது. 13 பரிந்துரைகள் பெற்று வசன நாடகங்களில் சாதனை படைத்ததோடு, அசல் இசைக்கான பிரிவிலும் இடம்பெற்றது. தோட்டங்களில் நடக்கும் காமன் கூத்தை அவர்களிடம் காட்டினால், அடி முதல் முடி வரை பாட்டும் அடவுமாகவே நகர்வதால், இசை நாடகம் என்றுதான் எழுதிக்கொள்வார்கள்.

விளக்கு பிடிக்கிறவருக்குமா விருது?

ஆம். விளக்கைப் பிடிக்கிறவருக்கு அன்று, எந்த நொடியில் எந்த நிறம் எங்கே விழ வேண்டும் என்று திட்டமிட்டவருக்கு. இந்தக் கேள்வியைக் கேட்டவர் எங்கள் குழுவில் பதினைந்து ஆண்டுகளாக விளக்குக்குப் பொறுப்பாக இருப்பவர். பகலில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். விளக்கின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித் தாளைக் கட்டி, அரக்கன் நுழையும்போது கையால் மெல்ல இறக்கி, சூட்டில் தாள் சுருங்குவதற்குள் மாற்றிவிடும் வேலை அவருடையது. திட்டமிடுபவரும் செய்பவரும் நம்மிடம் ஒருவரே.

ஒலிக்கு இதே மரியாதை எளிதில் கிடைக்கவில்லை. 2008-இல்தான் ஒலியமைப்புக்குப் பரிசு தொடங்கியது. 2014 விழாவுக்குப் பின் அதை நீக்கினார்கள். ஒலியை மதிப்பிடப் பல வாக்காளர்களுக்குத் தெரியவில்லை என்பது அப்போது பேசப்பட்ட காரணங்களில் ஒன்று. நாடகத் தொழிலாளர்களின் கடும் எதிர்ப்புக்குப் பிறகு 2018-இல் பரிசு திரும்ப வந்தது. இன்றும் இந்தத் தொழில்நுட்பப் பரிசுகளில் பெரும்பாலானவை முக்கிய ஒளிபரப்புக்கு முந்திய பகுதியில்தான் வழங்கப்படுகின்றன. பாடகர்களுக்கு நேரம் வேண்டும் என்கிறார்கள். விளக்கையும் ஒலியையும் அணைத்துவிட்டு அந்தப் பாடகர்களைப் பாடச் சொல்லிப் பார்க்கலாம்.

பழைய நாடகத்தையே மறுபடி போட்டால் போட்டியில் சேர்ப்பார்களா?

சேர்ப்பார்கள், ஆனால் ‘மறு அரங்கேற்றம்’ என்ற தனிப் பிரிவில். அதில் எழுத்தாளருக்குப் பொதுவாகப் புதிதாகப் பரிசு இல்லை. இம்முறை எப்படி மேடையேற்றினார்கள் என்பதே கேள்வி.

பிராட்வேக்கு முதன்முறையாக வரும் நாடகம்கூட, வேறு இடங்களில் பலகாலம் நடந்து பெயர்பெற்றிருந்தால் மறு அரங்கேற்றமாகவே கருதப்படலாம். 1998-இல் ஆஃப்-பிராட்வேயில் தொடங்கிய ‘ஹெட்விக் அண்ட் தி ஆங்கிரி இன்ச்’ 2014-இல்தான் பிராட்வேக்கு வந்தது. அது வென்ற பரிசு சிறந்த மறு அரங்கேற்றம்.

ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிந்த பாட்டுகளை வைத்து நாடகம் போட்டால் செல்லுமா? நாங்கள் அப்படித்தானே போடுகிறோம்!

சிறந்த இசை நாடகம் என்ற பரிசுக்குச் செல்லும். அசல் இசைக்கான பரிசுக்குச் செல்லாது. அந்தப் பரிசுக்கு இசையும் பாடலும் மேடைக்காகவே எழுதப்பட்டிருக்க வேண்டும். பழைய பாப் பாடல்களால் ஆன ‘ஜெர்சி பாய்ஸ்’ 2006-இல் சிறந்த இசை நாடகமாக வென்றது.

இதைவிட வாக்குவாதம் எழுந்தது 2000-ஆம் ஆண்டில். ‘காண்டாக்ட்’ என்ற நடனப் படைப்பில் மேடையில் யாரும் பாடவில்லை, இசை முழுவதும் ஒலிப்பதிவு. அதற்கே சிறந்த இசை நாடகப் பரிசு கிடைத்ததும் இசைக் கலைஞர்கள் கொதித்துப்போனார்கள். அதன் விளைவாக, எதிலும் அடங்காத மேடை நிகழ்ச்சிகளுக்கென்று ஒரு பிரிவு சில ஆண்டுகள் இருந்து, பிறகு கைவிடப்பட்டது.

கதாநாயகன் யார், துணை நடிகர் யார் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

சுவரொட்டியை வைத்து. நாடகத் தலைப்புக்கு மேலே பெயர் போட்டிருந்தால் முதன்மை நடிகர், கீழே போட்டிருந்தால் துணை நடிகர். இதுவே அடிப்படை விதி. தயாரிப்பாளர் கேட்டுக்கொண்டால் நிர்வாகக் குழு ஒருவரை ஒரு பிரிவிலிருந்து மற்றதற்கு மாற்றலாம். சுவரொட்டியில் பெயர் எங்கே வரவேண்டும் என்று நம் நடிகர்கள் சண்டை போடும்போது இனிமேல் அதை வெறும் கௌரவப் பிரச்சினை என்று நான் சொல்லப்போவதில்லை.

ஆண், பெண் என்ற பிரிவும் நடிப்புக்கு உண்டு. தம்மை ஆண் என்றோ பெண் என்றோ சொல்லிக்கொள்ளாத ஜே. ஹாரிசன் கீ, அலெக்ஸ் நியூவெல் ஆகிய இருவர் 2023-இல் நடிப்புக்கான பரிசை வென்றார்கள்.

சிறு பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறார்களா?

கொடுத்திருக்கிறார்கள். 1966-இல் சிறுவன் ஃபிராங்கி மைக்கேல்ஸும், 1991-இல் பதினொரு வயது டெய்சி ஈகனும் துணை நடிப்புக்கான பரிசை வாங்கினார்கள்.

ஒரே வேடத்தைப் பல பிள்ளைகள் மாறிமாறி நடிக்கும்போதுதான் சிக்கல். 2009-இல் ‘பில்லி எலியட்’ நாடகத்தின் கதாநாயகச் சிறுவனாக மூவர் முறைவைத்து நடித்தார்கள். மூவரும் சேர்ந்தே முதன்மை நடிகர் பரிசைப் பெற்றார்கள். 2013-இல் ‘மட்டில்டா’வில் நால்வர் அவ்வாறு நடித்தபோது போட்டியில் சேர்க்காமல் தனிச் சிறப்பு விருது கொடுத்தார்கள். 1960-இல் நடந்தது இன்னும் வேடிக்கை: ‘த சவுண்ட் ஆஃப் மியூசிக்’ நாடகத்தின் ஏழு பிள்ளைகளும் ஒரே பரிந்துரையாகச் சிறந்த துணை நடிகைப் பிரிவில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் இருவர் பையன்கள்.

ஏ. ஆர். ரஹ்மானுக்கு டோனி கிடைத்ததாமே?

கிடைக்கவில்லை. ஆஸ்காரும் கிராமியும் அவரிடம் இருப்பதால் டோனியும் இருக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். அவர் இசையமைத்த ‘பாம்பே ட்ரீம்ஸ்’ 2002-இல் லண்டனில் தொடங்கி, 2004 ஏப்ரலில் பிராட்வேயில் அரங்கேறியது. அதற்கு மூன்று பரிந்துரைகள் வந்தன: நடன அமைப்பு, உடை, வாத்திய இசைக்கோவை. நடனத்துக்கான பரிந்துரையில் ஃபரா கானின் பெயர் இருந்தது. அசல் இசைக்கான பட்டியலில் ரஹ்மானின் பெயர் வரவில்லை. மூன்றில் ஒன்றும் வெற்றியாகவில்லை. 2005 ஜனவரி முதல் நாளோடு நாடகம் நின்றுவிட்டது.

அதிலிருந்த பாடல்கள் சில ஏற்கெனவே அவருடைய திரைப்படங்களில் வந்தவை. தெரிந்த பாட்டுகளைப் பற்றிய விடையில் சொன்ன ‘மேடைக்காகவே எழுதப்பட்ட இசை’ என்ற விதியை நினைவில் வைத்துக்கொண்டால், அவருடைய மெட்டுகளின் அருமையைப் பற்றி அந்தப் பட்டியல் எதுவும் சொல்லவில்லை என்பது விளங்கும்.

பாண்டிச்சேரிக் கதை ஒன்றுக்கு விருது கிடைத்ததென்று கேள்விப்பட்டேன். புலி வருமாமே?

‘லைஃப் ஆஃப் பை’. பாண்டிச்சேரியில் விலங்குக்காட்சிசாலை வைத்திருக்கும் குடும்பம் விலங்குகளோடு கப்பலேறி, கப்பல் மூழ்கி, மகன் மட்டும் ஒரு வங்கப் புலியோடு படகில் தப்பும் கதை. லோலிதா சக்ரபர்த்தி நாடகமாக்கிய இது 2023-இல் பிராட்வேக்கு வந்து, மேடை அமைப்பு, விளக்கு, ஒலி ஆகிய மூன்றுக்கும் டோனி பெற்றது. முன்பு சொன்ன விளக்குக்காரருக்கு நான் முதலில் காட்டியது இந்த நாடகத்தின் காணொளியைத்தான்: மேடைத் தரையே கடலாகும், படுக்கை படகாகும்.

புலி ஒரு பொம்மை. ஒருவர் தலையையும், மற்றவர்கள் உடலையும் பின்கால்களையும் இயக்க, மூச்சு விடும்போது விலாவும் சேர்ந்து ஏறி இறங்கும். லண்டன் மேடைக்கான ஒலிவியர் விருதின் 2022-ஆம் ஆண்டு விழாவில், அந்தப் புலியை முறைவைத்து இயக்கிய ஏழு பேருக்கும் சேர்த்துச் சிறந்த துணை நடிகர் விருது கொடுத்தார்கள். கதாநாயகனாக நடித்த, இலங்கையில் பிறந்த ஹிரான் அபேசேகரவும் அங்கே சிறந்த நடிகராக வென்றார். நியூயார்க்கில் இந்த இரண்டு நடிப்புப் பரிசுகளுமே கிடைக்கவில்லை. அதற்கு முன் 2011-இல் ‘வார் ஹார்ஸ்’ நாடகத்தின் குதிரைகளைச் செய்த தென்னாப்பிரிக்க பொம்மலாட்டக் குழுவுக்கு டோனியில் தனிச் சிறப்பு விருது வழங்கியிருந்தார்கள். ஆனால் பொம்மையை இயக்குவதையும் நடிப்பென்று எண்ணிப் போட்டியில் வைக்கும் துணிவு லண்டனுக்குத்தான் வந்தது. பாவைக்கூத்து அறிந்தவர்களுக்கு இதில் எந்தப் பக்கம் நிற்பது என்பதில் ஐயம் இருக்காது.

ஆசியக்காரர்கள் யாராவது பெரிய பரிசு வாங்கியிருக்கிறார்களா?

1988-இல் ‘எம். பட்டர்ஃபிளை’ சிறந்த நாடகமாக வென்றபோது, அதை எழுதியவர் சீன வம்சாவளி அமெரிக்கரான டேவிட் ஹென்றி ஹுவாங். அதில் நடித்த பி. டி. வாங்கும் அதே விழாவில் துணை நடிகர் பரிசு பெற்றார். 1991-இல் பிலிப்பைன்ஸ் நாட்டின் லியா சலோங்கா ‘மிஸ் சைகோன்’ நாடகத்துக்காக முதன்மை நடிகையானார். 2025-இல் சிறந்த இசை நாடகம் உட்பட ஆறு பரிசுகளை வென்ற ‘மேபி ஹாப்பி எண்டிங்’ 2016-இல் சோல் நகரத்தில், கொரிய மொழியில் முதலில் மேடையேறியது. பயன்பாட்டிலிருந்து ஒதுக்கப்பட்ட இரண்டு உதவி இயந்திர மனிதர்களின் காதல் கதை அது. பெரிய பெயர்கள் இல்லாமல் தொடங்கி, ஒன்பது ஆண்டுகளில் அங்கே போய்ச் சேர்ந்தது.

போட்டியில் ஒரே ஒருவர்தான் என்றால் அவருக்கே கொடுத்துவிடுவார்களா? இருவர் சமமாக வந்தால்?

2020-இல் இது உண்மையாகவே நடந்தது. நோய்த்தொற்றால் மார்ச் மாதம் அரங்குகள் மூடப்பட்டதால், அந்தப் பருவத்தில் தகுதி பெற்றவை 18 நாடகங்கள் மட்டுமே. இசை நாடக முதன்மை நடிகர் பிரிவில் ஆரோன் ட்வெய்ட் ஒருவரே இருந்தார். அவரும் வாக்குகளில் 60 விழுக்காடு பெற்றால்தான் பரிசு என்று விதி செய்தார்கள், பெற்றார். விழாவே 2021 செப்டம்பர் 26-க்குத் தள்ளிப்போனது. அந்த ஆண்டு அசல் இசைப் பிரிவில் பரிந்துரை பெற்றவை அனைத்தும் வசன நாடகங்கள். மேலே ‘ஸ்டீரியோஃபோனிக்’ பற்றிச் சொன்னது ஒரு தடவை நடந்த விந்தை அன்று என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சமமாக வந்தால் இருவருக்கும் உண்டு. 1960-இல் ‘த சவுண்ட் ஆஃப் மியூசிக்’, ‘ஃபியோரெல்லோ!’ ஆகிய இரண்டும் சிறந்த இசை நாடகப் பரிசைப் பகிர்ந்துகொண்டன.

வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

1996-இல் ஜூலி ஆண்ட்ரூஸ் சொன்னார். ‘விக்டர்/விக்டோரியா’ நாடகத்திலிருந்து அவர் ஒருவர் மட்டுமே பரிந்துரைக்கப்பட்டு, உடன் உழைத்த எவருக்கும் இடம் கிடைக்காததால், மாலைக் காட்சி அல்லாத பகல் காட்சி ஒன்று முடிந்ததும் மேடையிலேயே அதை அறிவித்தார். பரிசு வேறொருவருக்குப் போனது.

விருது வாங்காத நாடகம் தோற்ற நாடகம்தானே?

இதைக் கேட்கும் பெற்றோருக்கு 2004-ஆம் ஆண்டைத்தான் காட்டுவேன். ‘பாம்பே ட்ரீம்ஸ்’ போட்டியிட்ட அதே விழாவில், சிறந்த இசை நாடகம், கதைவசனம், அசல் இசை மூன்றையும் ‘அவென்யூ க்யூ’ தட்டிச் சென்றது. தோற்றுப்போன ‘விக்கெட்’ 2003 முதல் இன்றுவரை கெர்ஷ்வின் அரங்கில் நடந்துகொண்டிருக்கிறது. திரைப்படமாகி நம் ஈப்போ திரையரங்குகளுக்கும் வந்துவிட்டது.

மறுபக்கமும் உண்டு. சிறிய நாடகங்களுக்கு டோனி என்பது உயிர்ப் பிரச்சினை. பிராட்வேயில் வாரச் செலவு மிக அதிகம். விழா முடிந்த சில வாரங்களில், பரிசு கிடைக்காத நாடகங்கள் சில இழுத்து மூடப்படுவது ஆண்டுதோறும் நடக்கிறது. பரிசு பெற்றதும் தப்பித்துவிடும் என்றும் இல்லை: ‘லைஃப் ஆஃப் பை’ மூன்று பதக்கங்களோடு அடுத்த மாதமே நின்றது. அதிகப் பதக்கங்கள் வாங்கிய சாதனை 2001-இல் 12 வென்ற ‘த புரொடியூசர்ஸ்’ நாடகத்துக்கு உரியது. 2016-இல் 16 பரிந்துரைகளோடு வந்த ‘ஹாமில்டன்’ 11-இல் நின்றது. இரண்டில் இன்றும் பிராட்வேயில் நடப்பது ‘ஹாமில்டன்’தான் என்பதைப் பார்த்தால், பதக்கக் கணக்கு எவ்வளவு தூரம் செல்லும் என்பது தெரியும்.

நாம் போடுகிற நாடகத்தை அனுப்பலாமா? படிவம் எங்கே கிடைக்கும்?

டோனிக்கு அனுப்ப இயலாது. காரணம் மூன்றாம் விடையில் உள்ளது. காணொளி அனுப்பிப் பயனில்லை என்பது ஆறாம் விடையில் உள்ளது. இங்கே மலேசியாவில் மேடைக் கலைகளுக்கென்று 2000-களின் தொடக்கத்தில் ஏற்பட்ட ‘போ கேமரோனியன்’ கலை விருதுகள் ஒரு தேயிலைத் தோட்ட நிறுவனத்தின் ஆதரவில் உருவானவை. 1929-இல் கேமரன் மலையில் தொடங்கிய அந்தத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்களில் நம் முன்னோரும் இருந்தார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

எந்தப் போட்டிக்கு விண்ணப்பித்தாலும் கேட்கப்படுவது ஏறக்குறைய ஒன்றே: அரங்கேறிய தேதி, இடம், பங்கேற்றவர் அனைவரின் பெயர், அவரவர் செய்த வேலை. எங்கள் குழுவின் பழைய அழைப்பிதழ்களில் தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், நன்கொடையாளர் அனைவரின் பெயரும் இருக்கின்றன; உடை தைத்தவர், விளக்கமைத்தவர் பெயர்கள் இல்லை. அடுத்த நாடகத்தின் அழைப்பிதழுக்கு அந்தப் பெயர்களை எழுத்துப் பிழையின்றி எழுதி, ஒத்திகைக்கு வரும்போது என்னிடம் கொடுத்துவிடுங்கள்.